வசந்தா மதினியும் வெளிர் நீலமும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பிடித்து உட்காரவைத்து, நான் கத்தக் கத்தச் சிக்கெடுத்துவிடும் என் வசந்தா மதினிக்கு,

கோமதி எழுதுகிறேன். வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம். நம் தெரு மன்றத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். உன் படத்தைப் போட்டு, சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டி, கீழே குடும்பத்தார் பெயர் போட்டால் முடிந்தது என்று அவர்கள் கணக்கு. எனக்கு நாலு வரி போதாது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. மதினி, நீ நடிக்கவில்லை. அதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. என் கையால் சீவி, என் கையால் சாயம் போட்டு, என் கண்ணால் பார்த்தேன். குழாயடியில் உன்னை 'நடிப்புக்காரி' என்று பேசியவர்கள் வீட்டுக்கெல்லாம் இந்த மலர் போகும். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உனக்கு எழுத வேண்டியதை ஊரறிய எழுதுகிறேன்.

வீட்டுச் சேதி கேட்பாய். அண்ணன் ரயில்வே ஒர்க்‌ஷாப் போகிறான், வருகிறான். உன் தம்பி முலுண்டில் ஃபிளாட் பார்த்துப் போய்விட்டான். எனக்கு இன்னும் மாப்பிள்ளை தேடுகிறார்கள். பெண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்றதும் முகம் மலர்கிறவர்கள், மூளையைச் சீவி கண்ணாடியில் ஒட்டுகிற வேலை என்றதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அண்ணன் அம்மாவோடு பேசுவதில்லை. நீ போன அன்றிலிருந்து இப்படித்தான். அவள் சோறு வைப்பாள், அவன் சாப்பிடுவான், வாயைத் திறக்க மாட்டான். ஒரே அறையில் இரண்டு பேர் ஒரு வருஷம் பேசாமல் இருக்க முடியும் என்று நம் வீட்டில்தான் பார்த்தேன். ஏன் இப்படிப் பண்ணுகிறாய் என்று கேட்டால், "அவளுக்கு நடிப்புக்காரின்னு பேரு வச்சது யாருன்னு எனக்குத் தெரியாதாட்டி?" என்கிறான். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போய்விடுவேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் உன்னைப் பற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ செம்பூர்ப் பெண். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். கல்யாணமாகி தாராவிக்கு வந்த மறுநாள் உன்னை 'நீங்க' என்று கூப்பிட்டேன். "ஏய் கோமு, உனக்கும் எனக்கும் ஒரே வயசு. நீங்க நாங்கன்னு இழுத்துக்கிட்டு இருந்தா டிரெயின் போயிரும். நீன்னே சொல்லு" என்றாய். சயான் ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். லேடீஸ் டப்பாவில் நீ எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய், எனக்கு முன்னால் எப்படி ஏறினாய் என்று நான் முழிப்பேன்.

உன் விரல்கள் டைப் மெஷினில் ஓடுவதை ஒரே ஒரு தடவை உன் ஆபீஸுக்கு வந்தபோது பார்த்தேன். நீ என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே அடித்தாய். விரல்கள் பாட்டுக்கு அதுகள் வேலையைப் பார்த்தன. அன்றைக்கு எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை இப்போது சொன்னால் என்ன.

முதலில் போனது கண். மாட்டுங்கா மார்க்கெட்டில் தக்காளிக்காரனோடு நீ போட்ட சண்டையை மறக்க முடியுமா? பழுக்காத தக்காளியை ஏமாற்றித் தருகிறான் என்றாய். அவன் ஒரு தக்காளியை உன் மூக்குக்கு நேரே நீட்டி, "அரே பாயி, யே லால் நஹி தோ கியா ஹை?" என்று கத்தினான். இது சிவப்பில்லாமல் வேறென்ன என்கிறான். எனக்கும் அது நல்ல சிவப்பாகத்தான் தெரிந்தது. நீ பேசாமல் வீட்டுக்கு வந்து, ஒரு தக்காளியைச் சாளரத்தில் வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தாய். வலது கண்ணை மூடினால் சிவப்பு. இடது கண்ணை மூடினால் வெளுத்த காவி.

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். நீ மிளகாய், குங்குமம், என் ரிப்பன் என்று வீட்டில் இருந்த சிவப்பையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு கண்ணுல சாயம் போயிட்டுது கோமு" என்றாய். ஒரு மாதம் கழித்து அது தானாகவே திரும்பி வந்தது. கண் டாக்டர் உடம்பு பலவீனம் என்று டானிக் எழுதினார். எல்லாரும் மறந்துபோனோம்.

அடுத்து கால். மில்களெல்லாம் மூடிக் கிடந்த வருஷம் அது. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் சயான் பாலத்தில் பாதி தூரம் ஒற்றைச் செருப்போடு நடந்தாய். ஒரு வாரத்தில் ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தாய். ஆறு வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். ஏழாவது வாரம் பழையபடி டிரெயினுக்கு ஓடினாய். அம்மா என்னிடம், "ரேஷன் க்யூன்னா கால் மரத்துப்போகுது, ஆபீஸுன்னா மரப்பு விட்டுருது. என்ன கூத்தோ" என்றாள். நான் சிரித்தேன்.

இனி நான் எழுத வேண்டியது எனக்குக் கஷ்டமான இடம். நீ பக்கத்தில் இருந்தால் "சல், அடுத்ததுக்குப் போ" என்பாய். போக மாட்டேன்.

நம் வீட்டில் பொம்பளைகளுக்கு வெள்ளிக்கிழமைதான் எண்ணெய்க் குளியல். உனக்கும் எனக்கும் வேலை என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம், அம்மா முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தாள். கால் மரப்புக்கு நல்லெண்ணெயும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரும்தான் மருந்து என்று அவள் சொன்னாள். நரம்பு முறுக்கேறும் என்றாள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. பெரிய தவலையில் தண்ணீர் சுடவைத்து, ஆவி பறக்க நான்தான் உன் மேல் ஊற்றினேன். எவ்வளவு சூடோ அவ்வளவு அன்பு என்று நினைத்து ஊற்றினேன்.

பத்துச் செம்பு ஊற்றுவதற்குள் உன் கால் இரண்டும் துவண்டுவிட்டன. "கோமு, விளக்கை அணைச்சிட்டியா?" என்றாய். பட்டப்பகல். உன்னை நானும் பக்கத்து வீட்டு மைதீன் பெண்சாதியும் தூக்கி வந்து பாயில் போட்டு ஃபேனைப் போட்டோம். ஒரு மணி நேரம் இருக்குமா? நீ எழுந்து, சேலையைச் சரி பண்ணிக்கொண்டு, ஸ்டவ்வைப் பற்றவைத்து எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தாய்.

அப்போதுதான் நான் சொன்னேன். "நல்லாத்தான் நடிக்கே மதினி."

பாதி விளையாட்டு, பாதி நிஜம். பயந்துபோயிருந்தேன், அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. "அப்ப டைரக்டர் நீயா?" என்று கேட்டு நீ சிரித்தாய். டம்ளரை நீட்டிய உன் கை லேசாக ஆடியது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு டீயைக் குடித்தேன்.

அடுப்படியில் இருந்த அம்மா அதைக் கேட்டாள். அன்றிலிருந்து அது அவள் வாய்ச்சொல் ஆனது. "அவ நடிக்கா" என்று குழாயடியில் சொன்னாள், அங்கிருந்து தெரு முழுக்கப் போனது. நீ நொண்டினால் 'ஆரம்பிச்சுட்டா' என்றார்கள், நேராக நடந்தால் 'பாத்தியா' என்றார்கள். இந்த வியாதியில் அதுதான் கொடுமை. முழுசாக விழுந்தே கிடந்திருந்தால் எல்லாரும் உன்னை நம்பியிருப்பார்கள்.

நீ என்ன செய்தாய் தெரியுமா? ஒரு ஷார்ட்ஹேண்ட் நோட்டு வாங்கினாய். நாங்கள் யாரும் படிக்க முடியாத அந்தக் கோடுகளில் எல்லாவற்றையும் எழுதினாய். ஒரு ஞாயிறு வெந்நீர், மறு ஞாயிறு பச்சைத் தண்ணீர் என்று நீயே உன்னை வைத்துச் சோதனை பண்ணினாய். மே மாத வெயிலில் பஸ், கண் மங்கியது. ஐஸ் தண்ணீர் குடித்து நிழலில் உட்கார்ந்ததும் தெளிந்தது. காய்ச்சல், கால் போனது. காய்ச்சல் விட்டது, கால் வந்தது. இப்படிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எனக்கு இப்படி ஒன்று தோன்றவே இல்லை.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரி நரம்பு டாக்டரிடம் வந்தாய். நீ வாசித்தாய், அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், "இதையெல்லாம் யார் எழுதச் சொன்னார்கள்?" என்றார். "கியா கரூம் சாப், கோயி மான்தா நஹி" என்றாய். என்ன செய்வது, ஒருத்தரும் நம்பவில்லையே என்று நீ சொன்னபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்தான் நோய்க்கு ஒரு நீளமான இங்கிலீஷ் பெயர் சொன்னார். நரம்பு இழைகளுக்கு மேலே கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு, மயலின் என்று பெயர். அந்த உறைக்கு நடுநடுவே சின்னச் சின்ன இடைவெளி இருக்கும். செய்தி அந்த இடைவெளிகளில் மட்டும் கால் வைத்துத் தாவித் தாவி ஓடும். உன் உடம்பின் காவல்படையே ஏதோ குழப்பத்தில் அந்த உறையை அங்கங்கே அரித்துவிடுகிறது என்றார். "அப்ப என் ஃபாஸ்ட் லோக்கல் டிரெயின் ஸ்லோ லோக்கல் ஆயிட்டுது" என்றாய். டாக்டர் சிரித்துவிட்டு, "சில இடத்தில் வண்டி நின்றே போகும், அதுவும் சூட்டில் சீக்கிரம் நிற்கும்" என்றார். நான் ஊற்றிய தவலைத் தண்ணீர் என் கண் முன்னால் வந்தது.

பெயர் கிடைத்ததால் வீட்டில் ஒன்றும் மாறவில்லை. "பேரு வச்சுட்டா வியாதி ஆயிருமா? நல்லாத்தானே நடக்கா" என்றாள் அம்மா. மூன்றாவது தடவை உன் விரல்கள் போயின. சோற்றைப் பிசைய முடியவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி, உன்னைச் செம்பூருக்கு உன் அம்மா வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு பண்ணினார்கள். நல்லானதும் கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணன் தரையைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். நீ உன் பையை இடது கையால் கட்டினாய்.

திருப்பிக் கூப்பிடுவார்கள் என்று நீயும் நம்பியிருக்க மாட்டாய். வேறு பெண் பார்க்கலாமா என்று ஒரு பெரியம்மா அதற்குள் வாயைத் திறந்துவிட்டாள். அண்ணன் அவளை வாசலோடு அனுப்பினான், அந்த அளவுக்காவது அவனுக்கு வாய் இருந்தது.

செம்பூரில் நீ சும்மா இருக்கவில்லை. விரல்கள் கொஞ்சம் அசைந்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் போய்ச் சேர்ந்தாய். உன் வயதில் பாதி இருக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஏ எஸ் டி எஃப் என்று முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தாய். டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள் நீ! உன்னைப் பார்க்க வந்த ஒரு நாள், ஒவ்வொரு விரலாக நீ பார்த்துப் பார்த்து அழுத்துவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே திரும்பிப் போனேன். அது உனக்குத் தெரியாது.

நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நீயாகவே வந்து வாசலில் நின்றாய். உள்ளே வந்து, அம்மா கையில் டைப் அடித்த ஒரு தாளைக் கொடுத்தாய். "இதுல ஒரு தப்புகூட இல்ல அத்தை." அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "அப்ப உனக்கு முன்னாலயும் ஒண்ணும் இல்லதான்" என்றாள்.

அதற்குமுன் எது சொன்னாலும் நீ பதிலுக்கு ஒரு கேலி வைத்திருப்பாய். அன்றைக்கு அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு அரிசி களையப் போனாய்.

அதற்குப் பிறகுதான் ஒரு மதியம் என் லேபுக்கு வந்து என் வேலையைப் பார்த்தாய். மெழுகுக் கட்டியில் பதித்த மூளைத் துண்டை மெஷினில் வைத்துச் சீவுவதையும், சீவல் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதப்பதையும், அதைக் கண்ணாடியில் ஏந்துவதையும் மூச்சுவிடாமல் பார்த்தாய். மயலின் இருந்தால் நீலச் சாயம் பிடிக்கும், இல்லாத இடம் வெள்ளையாக நிற்கும் என்று பெருமையாகச் சொன்னேன். நீ ஒரு கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாய்.

"அப்ப என் தலைக்குள்ள பாத்தா தெரியுமா?"

"வாயை மூடு மதினி."

"நான் செத்தா நீயே சீவு கோமு. பொய்யா நிஜமான்னு அதுல இருக்கும். உங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு." விளையாட்டு என்று நினைத்தேன். மறு வாரம் அதை ஒரு தாளில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, அண்ணனிடமும் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்தாய். அதிலும் ஒரு தப்பு இல்லை.

கடைசி இரண்டு வருஷம் திரும்பி வருவது குறைந்துகொண்டே போனது. போன மழைக்காலத்தில் நிமோனியா வந்து உன்னைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. தலையைத் தொடக் கூடாது என்று அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் விழுந்து அழுதாள். அண்ணன், "அவ கேட்டது இது ஒண்ணுதான்" என்றான். அம்மாவிடம் அவன் கடைசியாகப் பேசியது அதுதான்.

மூளை ஃபார்மலினில் பல வாரம் ஊற வேண்டும் என்பது உனக்குத் தெரியும். எங்கள் பெரிய டாக்டர், மேடம் என்று நாங்கள் கூப்பிடும் மராட்டிக்கார அம்மா, சொந்தக்காரர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று சொன்னார். நீ அடித்துக் கொடுத்த தாளைக் காட்டினேன். பெரிய துண்டுகளாக அவர் வெட்டினார். மெல்லிய சீவலும் சாயமும் எனக்கு விட்டுக்கொடுத்தார்.

மதினி, நான் வேலையில் கெட்டிக்காரி, உனக்கே தெரியும். நீலச் சாயத்தில் சூட்டடுப்பில் ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் எடுத்து, வேண்டாத நீலத்தை லித்தியம் உப்புக் கரைத்த தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் கழுவி எடுப்பேன். எப்போது நிறுத்துவது என்பது கண்பார்வைதான். ஒரு நிமிஷம் கூடினாலும் இருக்க வேண்டிய நீலமும் போய்விடும். இத்தனை வருஷத்தில் என் கண்ணாடிகளைச் சரியில்லை என்று யாரும் திருப்பிக் கொடுத்ததே இல்லை.

உன் கண்ணாடி மட்டும் சரியாக வரவில்லை. கருநீலம் இருந்தது, நல்லது. வெள்ளை ஓட்டைகள் இருந்தன, அவை வியாதி அரித்த இடங்கள், எதிர்பார்த்ததுதான். ஆனால் சில ஓட்டைகளின் ஓரத்திலும், சில இடங்களில் தனித் திட்டாகவும், துவைத்துத் துவைத்து வெளுத்த சேலை மாதிரி ஒரு வெளிர் நீலம். கழுவல் கூடிப்போய்விட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுபடி சீவி, மறுபடி போட்டேன். அதே இடம், அதே வெளிறல். சாயமே பழசு என்று புதிதாகக் கலக்கினேன். அடுப்பின் சூட்டைச் சரிபார்த்தேன். மூன்றாவது தடவையும் அப்படியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ கொடுத்த ஒரே வேலையை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கண்ணாடியை மேடத்திடம் கொண்டுபோய், சாயம் சரியாக ஏறவில்லை, என் தப்பு என்றேன். அவர் மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகு நேரம் பார்த்தார். பெரிதாக்கும் லென்ஸை மாற்றி மறுபடி பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, "ரங் கலத் நஹி ஹை, கோமதி. யே நயா ஹை" என்றார். சாயம் தப்பில்லை, இது புதுசு என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை உனக்குச் சொல்கிறேன். உறை அரிக்கப்பட்டு வெறுமனே கிடக்கும் நரம்பு இழைகளைத் தேடி, சில செல்கள் கை நீட்டுகின்றன. ஒரு செல்லுக்கே பல கைகள். ஒவ்வொரு கையும் ஓர் இழையைப் பிடித்து, சுற்றிச் சுற்றி, அடுக்கடுக்காக மறுபடியும் உறை போடுகிறது. பழைய உறைபோல் கனமாக வராது, மெல்லியதாகத்தான் இருக்கும், துண்டுகளும் குட்டையாக இருக்கும். அதனால்தான் நீலம் குறைவாகப் பிடிக்கிறது. ஆனால் அந்த மெல்லிய உறை போதும், நின்றுபோன செய்தி மறுபடியும் தாவ ஆரம்பித்துவிடும்.

எனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்தது வேறு. உறை போடுகிற வேலையெல்லாம் குழந்தைப் பருவத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும், வளர்ந்தவர்கள் மூளையில் போனது போனதுதான் என்று எழுதிப் பரீட்சையில் மார்க்கும் வாங்கினேன். நீ முப்பது வயதில் அதைப் பொய்யாக்கியிருக்கிறாய். அந்தச் செல்கள் ஏற்கெனவே இருந்தவையா, புதிதாகப் பிறந்தவையா என்று உலகம் முழுக்க இன்னும் வாக்குவாதம் நடக்கிறதாம். ஏன் சில இடத்தில் வேலை நடக்கிறது, சில இடத்தில் அந்தச் செல்கள் களைத்துக் கைவிட்டுவிடுகின்றன என்பதும் யாருக்கும் தெரியாதாம்.

மேடம் நேர்மையான ஆள். ஒவ்வொரு தடவையும் நீ எழுந்ததற்கு இது மட்டும் காரணம் இல்லை, அடிபட்ட இடத்தில் வீக்கம் வடிந்தாலும் பாதி சரியாகும் என்றார். ஆனால் இந்த வெளிர் நீலம் பொய் சொல்லாது, இங்கே உறை போய் மறுபடி வந்திருக்கிறது என்றார். நீ நல்லானதைத்தானே நாங்கள் நடிப்புக்கு அத்தாட்சி என்று சொன்னோம்? நீ நல்லானதில் ஒரு பங்கு அந்த வேலையால்தான் மதினி.

அன்றைக்கு நாள் முழுக்க அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஆயிரம் இழைகள்! நீ ரேஷன் வரிசையில் வசவு வாங்கிக்கொண்டு நின்றபோதும், இன்ஸ்டிட்யூட்டில் ஏ எஸ் டி எஃப் அடித்தபோதும் உன் தலைக்குள் இது நடந்திருக்கிறது. உனக்கே தெரியாமல் உனக்காக இப்படி உழைத்த ஒன்றை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. உன்னையும் கும்பிடத் தோன்றுகிறது.

மேடத்திடம் ஒன்று கேட்டேன். நீ விடாமல் விரல்களைப் பழக்கினாயே, அதனால் உறை இன்னும் நன்றாக வளர்ந்திருக்குமா? அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "பீஸ் சால் பாத் பூச்னா" என்றார். இருபது வருஷம் கழித்துக் கேட்க வேண்டுமாம். நீ என்ன நினைக்கிறாய்? உன் நோட்டில் இதற்கு ஏதாவது எழுதி வைத்திருக்கிறாயா?

போன மாதம் அம்மாவை லேபுக்குக் கூட்டிப் போனேன். வர மாட்டேன் என்றவளை, மதினி சொன்ன வேலை இது என்று சொன்னதும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஸ்டூலில் உட்காரவைத்தேன். முதலில் தன் இமைமயிர்தான் தெரிகிறது என்றாள். பிறகு நீலமாக இருக்கிறது என்றாள்.

"அந்த வெள்ளை அடிபட்ட இடம். அடர்த்தியா இருக்கது அடிபடாத இடம். நடுவுல வெளுத்தாப்ல இருக்குல்லா, அது அடிபட்டுட்டு மறுபடியும் சரி பண்ணிக்கிட்ட இடம்" என்றேன்.

"அவளா பண்ணுனா?"

"அவ மூளை பண்ணுச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானட்டி." கண்ணை எடுக்காமலே கேட்டாள், "இது எப்ப நடந்துருக்கும்?"

"தேதியெல்லாம் தெரியாதும்மா. மாசக்கணக்குல நடக்குமாம். செம்பூர்ல கிடந்தாள்லா, அப்பவாக்கூட இருக்கும்."

அம்மா இப்போதுதான் கண்ணை எடுத்தாள். பிறகு கேட்டாள், "நாம பேசுன பேச்செல்லாம் கேட்டுக்கிட்டேதான் இது வேலை பாத்துச்சா?"

மதினி, உனக்குத் தெரியுமா?

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அம்மாவிடம் கேட்டேன். நடிப்பு என்கிற சொல்லை முதலில் சொன்னது நான்தானே, அண்ணனிடம் ஏன் அதைச் சொல்லவே இல்லை? ஒரு வருஷமாக அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறானே, ஒரு தடவையாவது உன் வாயில் வரவில்லையா அம்மா?

"அவனுக்குக் கோவப்பட ஒரு ஆளு வேணும்லா. நான் இருந்துட்டுப் போறேன்" என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "நான் போனதுக்கப்புறம் அவனுக்கு நீ மட்டுந்தான இருக்கே" என்றாள்.

நீயும் அவனிடம் சொல்லவில்லை. அந்த டீ டம்ளர் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை நீ மூச்சுவிடவில்லை. உப்புப் போடுவதில்கூட ஒத்துப்போகாத மாமியாரும் மருமகளும் என்னைக் காப்பாற்றுவதில் மட்டும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமலே ஒத்துப்போயிருக்கிறீர்கள். அந்த நிழலில் நான் இத்தனை நாள் சுகமாக உட்கார்ந்திருந்தேன்.

போதும் மதினி. நம் தெருவில் இதைப் படிக்கிற எல்லாரும் கேட்டுக்கொள்ளட்டும். உனக்கு அந்தப் பெயரை வைத்தது நான். அம்மா அதை என்னிடமிருந்துதான் எடுத்தாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை நானே அண்ணன் கையில் கொடுப்பேன். அவன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், நேரம் ஆகும். படித்து முடிக்கும்வரை அவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். முடித்துவிட்டு அவன் எது சொன்னாலும், ஒன்றுமே சொல்லாமல் என்னோடும் பேச்சை நிறுத்தினாலும், எழுந்து போக மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னை நம்பாமல் போன,
இனி உன்னை யாரும் நம்பாமல் போக விடாத,
உன் நாத்தனார் கோமதி
தாராவி, பம்பாய்